எக்கான் பட்டனும் என் வலது காலும்

நன்றாக ஓடுகிற காடியை நடுரோட்டில் சாகடிப்பதற்கென்றே மாதச் சம்பளம் வாங்குகிற பிழைப்பு ஒன்று உண்டு, அதுதான் எண்ணெய் டெஸ்ட் எடுக்கிறவன் பிழைப்பு.

காடி என்றால் கார், எண்ணெய் என்றால் பெட்ரோல். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எண்பதுகளின் கடைசியில் பெட்டாலிங் ஜெயாவில், ஃபெடரல் ஹைவேக்குப் பக்கத்தில், ஒரு கார் கம்பெனியின் வொர்க்‌ஷாப்பில் எனக்கு அந்த வேலை. அப்போதுதான் ஆட்டோ கியர் காடி சாதாரண ஜனங்கள் கைக்கும் வர ஆரம்பித்திருந்தது. கியர் கம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அமுக்கினால் மீட்டரில் ‘எக்கான்’, அதாவது எக்கானமி, சிக்கனம் என்று பச்சை விளக்கு எரியும். கியர் கொஞ்சம் சீக்கிரமாக மாறும், எஞ்சின் கொஞ்சம் சோம்பலாகச் சுற்றும், அவ்வளவுதான் அதன் மகிமை. ஆனால் ஷோரூமில் அதை விற்ற விதம் இருக்கிறதே! அமுக்கிவிட்டால் எண்ணெய்க் கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்கிற மாதிரி பேசி விற்றார்கள். விற்றவன் ஷோரூமில் இருந்தான். நம்பி வாங்கியவர்கள் திட்டுவதற்கு என்னிடம் வந்தார்கள். தான் சொல்லாத வார்த்தைக்குக் கவுன்டரில் நின்று திட்டு வாங்கியவர்கள் எந்தத் தொழிலில் இருந்தாலும் எனக்குச் சொந்தக்காரர்கள், உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

எனக்கு அந்த நாட்களில் ஒரே குறி. வொர்க்‌ஷாப் மூலையில் ஏர்கோன் போட்ட ஒரு கண்ணாடி அறை இருந்தது, சர்வீஸ் சூப்பர்வைசர் அறை. அதில் இருந்த பெரியவர் தீபாவளியோடு ரிட்டயர் ஆகிறார் என்று பேச்சு. மேனேஜர் மிஸ்டர் சோங் சீனர்தான், ஆனால் ஜெஞ்சாரோம் பக்கம் ரப்பர் தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். ஒருநாள் என் தோளில் கைபோட்டு, “எண்ண கம்ப்ளைன்ட் ஒண்ணும் ஹெட் ஆபீசுக்குப் போவாம நீ பாத்துக்க தேவா, அந்த ரூம நான் பாத்துக்கறேன் லா” என்றார். என் மனைவி வசந்தி ஷா ஆலத்தில் ஃபேக்டரி வேலை. அப்போது எங்கள் முதல் பிள்ளை அவள் வயிற்றில். ரோட்டோரத்தில் நிற்கிற வேலையை விட்டு நான் உள்ளே வந்து உட்கார வேண்டும் என்பதுதான் வீட்டில் தினப்படி பேச்சு.

காடிக்கு டிரிப்

டெஸ்ட் எப்படி எடுப்போம் என்று கேட்பீர்கள். சின்ன விஷயம்தான். பானட்டுக்குள் ஒரு பாட்டிலைக் கம்பி போட்டுக் கட்டுவோம். அதில் ஒரு லிட்டர் எண்ணெய். டாங்க்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, பாட்டில் குழாயைக் கார்புரேட்டரில் சொருகுவோம். பிறகு எக்கான் பட்டனை அமுக்கி ஹைவேயில் ஏற வேண்டியது. பாட்டில் காய்ந்ததும் காடி இருமி இருமி ஓரமாக உயிரை விடும். ஓடின தூரத்தை மீட்டரில் பார்த்து, இறங்கி, மறுபடி பாட்டிலை நிரப்பி, இந்தத் தடவை பட்டனை எடுத்துவிட்டு ஓட்ட வேண்டும். பக்கத்து சீட்டில் கஸ்டமர் உட்கார்ந்திருப்பார். அவர் கண் பாதி என்மேல், பாதி மீட்டர்மேல்.

கிள்ளானிலிருந்து வந்த ஒரு துணிக்கடைக்காரர் நான் பாட்டில் கட்டுவதைக் கிட்ட வந்து நின்று பார்த்தார். முகம் மாறிப்போயிற்று. புதுக்காடி, பூஜை போட்டு எலுமிச்சை நசுக்கிய காடி. “என்னாச்சு தம்பி, சீரியஸா?” என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றுமில்லை அண்ணே, சும்மா டெஸ்ட் என்றேன். அவர் நம்புகிற மாதிரி இல்லை. குழாயை விரலால் தொட்டுப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வயிறெரிந்து சொன்னார்: “வாங்கி முழுசா மூணு மாசம் ஆவல, அதுக்குள்ள காடிக்கு டிரிப்ஸ் போட வச்சிட்டீங்களேடா!”

பட்டன் இருக்கிற தைரியம்

கேட்டரிங் செய்கிற ஒரு அக்கா. கிள்ளானில் கல்யாணம், கருமாதி எதுவானாலும் அவர் சாம்பார்தான். “காடி எண்ண குடிக்குது, குடிக்குதுன்னா அப்படி ஒரு குடி!” என்று கவுன்டரில் கையை ஓங்கி அடித்தார். எக்கான் பட்டனை வாங்கின நாளிலிருந்து அணைத்ததே இல்லையாம். பட்டனுக்குப் பொட்டு வைத்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

காடியின் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருந்தது. பின் மூடியைத் திறந்தேன். இரண்டு அண்டா, இட்லிக் கொப்பரை, ஒரு கேஸ் தோங் (சிலிண்டர்தான்), தேங்காய் மூட்டை, அதற்கெல்லாம் கீழே ஒரு கிரைண்டர். இவ்வளவையும் எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டேன். எதற்கு இறக்க வேண்டும், அடுத்த வாரமும் வேலை இருக்கிறதே என்றார். இந்தச் சுமையை ஏற்றினால் எந்தக் காடியும் குடிக்கத்தானே செய்யும் அக்கா என்று பொறுமையாகத்தான் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். “பழைய வேன வித்துட்டு, பட்டன் இருக்குன்னுதானே தம்பி இதுல ஏத்துனேன்? அப்ப பட்டன் எதுக்கு, அழகுக்கா?”

மலையிறங்கும் வாத்தியார்

ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வாராவாரம் கெந்திங் மலைக்குக் குளிர்காற்று வாங்கப் போவார். (அங்கே கசினோவும் உண்டு, வேறு என்ன வாங்கினார் என்பது எனக்குத் தேவையில்லாத விஷயம்.) பட்டன் மிச்சம் பிடிப்பது போதவில்லை என்று தானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். உச்சியிலிருந்து கீழே வரும்வரை பட்டனையும் அமுக்கி, கியரையும் ஃப்ரீயில் போட்டு, எஞ்சினையும் அணைத்துவிடுவாராம். எஞ்சின் அணைந்தால் பிரேக்கும் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

காடியைத் தூக்கிப் பார்த்தோம். கியர் பாக்ஸ் எண்ணெய் கரிப்பிடித்த சட்டியைக் கழுவின தண்ணீர் மாதிரி இருந்தது. ஆட்டோ கியரை இப்படி உருட்டினால் உள்ளே எண்ணெய் சுற்றாது, எல்லாம் உரசிப் பொசுங்கிவிடும் சார், புதுப் பாக்ஸ்தான் போட வேண்டும் என்றேன். வாத்தியார் அசரவில்லை. இதற்காகவா வந்தேன் என்பதுபோல் கையை ஆட்டினார். “கியர் பாக்ஸ் கதைய விடுங்க. நான் கேட்டது எண்ணெயப் பத்தி. எறங்குறப்ப மீட்டர் முள்ளு அசையவே இல்ல, அதுக்கு என்ன சொல்றீங்க?”

ரோட்டோரம்

ஷா ஆலத்தில் ஏதோ அரசாங்க ஆபீசில் பெரிய பதவியில் இருந்த நம்மவர் ஒருவர். ஏறினதிலிருந்து என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. சுபாங் தாண்டி பாட்டில் காய்ந்து காடி நின்றது. நல்ல உச்சிவெயில். அவர் இறங்கவில்லை. நான் டின்னை எடுத்துக்கொண்டு பானட்டைத் திறந்து, புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு மணல் லோரி என் சட்டையை உரசுகிற மாதிரிப் போனது. ஹாரன்கூட அடிக்கவில்லை, பாவி. காற்று அடித்த அடியில் டின் கையிலிருந்து பறந்தது, இடுப்பிலிருந்து பாதம்வரை எண்ணெய். அப்படியே பம்பர்மேல் உட்கார்ந்துவிட்டேன். சிகரெட் பிடிக்கிற ஒருத்தன் அந்த வழியாகப் போயிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வீட்டு வாசலிலேயே வசந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு நிறுத்திவிட்டாள். என்ன நடந்தது என்று கேட்டு, சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அந்த ரூமு கெடைக்குமா கெடைக்காதா, கேட்டுச் சொல்லுங்க. இல்லன்னா இந்த வேலையே வேணாம்” என்றாள். வேறு வேலைக்கு எங்கே போவது? படித்தது மூன்றாம் படிவம்வரை, ஒன்பதாம் வகுப்பு மாதிரி. கையில் ஒரு லைசென்ஸ், அவ்வளவுதான். கிடைத்துவிடும், தீபாவளிக்குக் கிடைத்துவிடும் என்று சமாதானம் சொன்னேன். அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். நான் பம்பர்மேல் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெரிய மனிதர் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கினார். அடிபட்டதா என்று கேட்கப்போகிறார் என நினைத்து நிமிர்ந்தேன். “கீழ கொட்டுனத என் காடி குடிச்சதா சேத்துராதீங்க, சரியா?”

விற்றவன்

பட்டனைப் பேசி விற்றவன் பெயர் ஜெயசீலன். வெள்ளைச் சட்டை, டை, வாய் நிறைய சிரிப்பு. என் வயதுதான், என்னோடு ஒரே பள்ளியில் படித்தவன்தான். கேன்டீனில் ஒருநாள் அவனைப் பிடித்துக்கொண்டேன். ஜாமில் நின்றால் பட்டனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, மிதித்து ஓட்டுகிறவனுக்கு அதைவிட இல்லை, மிதமாக ஓட்டுகிறவனுக்குப் பட்டனே வேண்டாம், இதைச் சொல்லி விற்றால் என்னடா குறைந்துவிடும் என்றேன். லோரி கதையையும் சொன்னேன். வசந்தியைப் பற்றியும் சொன்னேன்.

அவன் கெட்டவன் இல்லை. பாவம்டா என்று உண்மையாகவே வருத்தப்பட்டான். என் தே தாரிக் டீயையும் சேர்த்து அவனே வாங்கித் தந்தான். பிறகு டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். “உண்மையச் சொன்னா நீ ரோட்டுல நிக்க வேணாம் தேவா, சரிதான். ஆனா அப்புறம் நிக்கறதுக்கு காடியே விக்காதுடா!”

ஓம் அல்லது இல்லை

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து மிஸ்டர் நடராஜா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க ரயிலை நேரத்துக்கு அனுப்பிவைத்த மனிதர், சொந்தமாகக் காடி ஓட்ட ஆரம்பித்ததோ ஓய்வுக்குப் பிறகுதான். மற்றவர்கள் மாதிரி கத்தவில்லை. “தம்பி, நான் சண்டைக்கு வரேல்லை. இந்தப் பட்டன் பெற்றோல் மிச்சம் பிடிக்குமோ, பிடிக்காதோ? ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை. பதில் கிடைக்காட்டி ஹெட் ஆபீசுக்குப் போவன்” என்றார். கண்ணாடி அறைப் பக்கம் என் கண் போனது. மிஸ்டர் சோங் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஓம்னு சொல்லி அனுப்பிடு லா, தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம்தான்” என்றார்.

ஹைவேயில் முதலில் நான் ஓட்டினேன். பட்டனோடு ஒரு பாட்டில், பட்டன் இல்லாமல் ஒரு பாட்டில். இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே தூரம். கிழவர் விடவில்லை. நீர் வித்தைக்காரன் மாதிரி ஓட்டுறீர், நான் ஓட்டுறன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தார். ரயிலுக்குக் கொடிகாட்டின கைக்கு ஸ்டியரிங் சரியாகத்தான் வந்தது, கால்தான் வரவில்லை. பட்டன் போட்டதும் காடி மந்தமாக இழுத்தது, அவருக்குப் பொறுக்கவில்லை, அடியோடு மிதித்தார். முன்னால் ஒரு வேன் போனால் மிதிப்பார், பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தால் மிதிப்பார். பிறகு திடீரென்று பிரேக். காடி என் தூரத்தில் பாதிகூட வரவில்லை. பட்டனை எடுத்துவிட்டு ஓட்டினார். அப்போது காடி தானாகப் பாய்ந்ததால் அவ்வளவு மிதிக்கவில்லை, கொஞ்சம் தூரம் கூடவே போனது. அவருக்கு அந்தப் பட்டன் மிச்சம் பிடிக்கவில்லை, செலவுதான் வைத்தது.

ரோட்டோரத்தில் இரண்டு பேரும் நின்றோம். கிழவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருக்கலாம், அறை எனக்குத்தான். வாய் வரவில்லை. அந்த மனிதர் கேட்ட விதம் அப்படி. “பட்டன்ல ஒண்ணுமில்ல அங்கிள். எல்லாம் காலுலதான் இருக்கு. மெதுவா மிதிச்சா பட்டன் இல்லாமலே மிச்சமாகும்” என்றேன். அவர் ஸ்டியரிங்கை என்னிடம் விட்டுவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறினார். வொர்க்‌ஷாப்புக்கு வந்து இறங்கியதும் நேராக மிஸ்டர் சோங்கிடம் போய் நின்றார். முகமெல்லாம் சிவந்திருந்தது. “உங்கட பட்டனில பிழையில்லையாம். என்ர காலிலதான் பிழையாம். முப்பத்தஞ்சு வருஷம் வருஷா வருஷம் சோதிச்ச ரயில்வே டொக்டர்கூட என்ர காலைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை!”

தங்கக் கால்

முடிந்தது கதை என்று நினைத்தேன். மிஸ்டர் சோங் திட்டவே இல்லை. கிழவரை உட்காரவைத்து, காப்பி வரவழைத்து, “காடி நல்ல காடி அங்கிள், எங்க தேவா ஓட்டினா எவ்வளவு தூரம் ஓடுச்சு, நீங்களே பாத்தீங்கல்ல?” என்றார். கிழவரால் மறுக்க முடியவில்லை, பார்த்தாரே. முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார். ஹெட் ஆபீசுக்குப் போகவில்லை. உண்மையைச் சொன்னதற்கு ஒன்றும் ஆகவில்லையே என்று எனக்கே ஆச்சரியம். மடையன் நான், சந்தோஷம்கூடப் பட்டேன்.

மறுவாரத்திலிருந்து ஜெயசீலன் வாங்க வருகிறவர்களையும் என் பக்கத்து சீட்டில் ஏற்ற ஆரம்பித்தான். பாட்டிலைக் கட்டு, பட்டனை அமுக்கு, தேவாவை ஓட்டச் சொல்லு. காடி ஷா ஆலத்துக்கு முன்னால் இருக்கிற பத்து தீகா டோல் தெரிகிறவரை போகும். பின் சீட்டில் ஜெயசீலன், “பாத்தீங்களா பாஸ், ஒரே பாட்டில்!” என்பான். இது பட்டன் இல்லை, என் கால் என்று நான் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், தன்னடக்கமான பையன் என்பார்கள். வாங்கிக்கொண்டு போவார்கள். கொஞ்ச நாளில் எண்ணெய் குடிக்கிறது என்று திரும்பி வருவார்கள். மறுபடி நான் பாட்டிலைக் கட்டி அவர்களையே ஏற்றிக்கொண்டு ஹைவேக்குப் போவேன். நான் சொன்ன உண்மையையே எடுத்து, அதற்கு டை கட்டி, என் கண் முன்னாலேயே விற்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒருநாள் வேண்டுமென்றே மிதித்து ஓட்டிப் பார்த்தேன். காடி பாதி வழியில் நின்றது. வெயிலில் ரோட்டோரம் நின்றது யார்? நான்தான்.

தீபாவளி வந்தது. பெரியவருக்கு மாலை போட்டு அனுப்பினோம். கண்ணாடி அறைக்கு ஜெயசீலன் போனான். கஸ்டமரிடம் அவனுக்கு நல்ல பேச்சாம். அன்றைக்கு நான் அடக்கி வைத்ததெல்லாம் வெடித்துவிட்டது. மிஸ்டர் சோங் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனேன். ஒரு கம்ப்ளைன்ட்கூட மேலே போகவில்லையே பாஸ், நீங்கள் சொன்ன வார்த்தை என்ன ஆயிற்று, என் பெண்டாட்டிக்கு இது பிரசவ மாதம், லோரி அடித்துச் செத்தால் யார் பதில் சொல்வது என்று கத்தினேன். அழுதும்விட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர் எழுந்து வந்தார். பழையபடி தோளில் கைபோட்டார். கண்ணில் உண்மையான பாசம், அதுதான் இன்றுவரை ஆறவில்லை. “அட மடப்பயலே, இந்த ஊர்லயே இல்லாத தங்கக் காலுடா உன் காலு! அதப் போயி மேசைக்கு அடியில வைக்கச் சொல்றியே லா!”

எண்ணெய் மிச்சம் பிடிக்கிற பட்டன் உண்மையிலேயே உண்டா என்று இப்போதும் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, உண்டு, ஆனால் அதைக் காடியில் பொருத்துவதில்லை, மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள்.